எக்ஸ்ஓ-1 மடிக்கணினி: பூட் ஃபர்ம்வேரை மாற்றுவதும் ஓவர்கிளாக் செய்வதும் – வியாசர்பாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி சர்மா நகர் பக்கம் ஒரு மாடி அறையில் எங்கள் இரவுப் படிப்பகம் நடக்கிறது. அங்கே பச்சையும் வெள்ளையுமாக எக்ஸ்ஓ-1 என்ற சிறிய மடிக்கணினிகள் நான்கு இருக்கின்றன. இரண்டை வெளிநாட்டில் இருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொடுத்தார். மற்ற இரண்டும் காயலாங்கடையில் கிடைத்தவை. நான்கையும் பிரித்து, துடைத்து, ஃபர்ம்வேர் (மெஷினைப் போட்டவுடன் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த நிரல்) வரை இறங்கிச் சரிசெய்ததில் இருந்து, கல்லூரிப் பிள்ளைகளும் ரிப்பேர் கற்றுக்கொள்ளும் தம்பிகளும் வந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்வதைவிட ஒரு முறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இது பொம்மை கம்ப்யூட்டரா, நிஜமானதா?

நிஜமானதுதான். ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ (சுருக்கமாக ஓஎல்பிசி) என்ற திட்டத்துக்காகச் செய்தது. நூறு டாலருக்குள் ஒரு மடிக்கணினி என்று 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்தார். 2007 நவம்பரில் பெரிய அளவில் தயாரிப்பு தொடங்கியபோது விலை நூறு டாலரைத் தாண்டிவிட்டது. அப்போது வட அமெரிக்காவில் 399 டாலர் கட்டினால் ஒன்று உங்களுக்கு, இன்னொன்று ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைக்கு என்று விற்றார்கள். எங்களிடம் இருக்கும் இரண்டு அந்த வழியில் வாங்கப்பட்டவை.

உள்ளே ஏஎம்டி ஜியோடு எல்எக்ஸ்-700 செயலி, 433 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 256 எம்பி. ஹார்டு டிஸ்க் கிடையாது, போர்டிலேயே 1 ஜிபி நேண்ட் ஃப்ளாஷ் என்ற சேமிப்புச் சில்லு. மின்விசிறியும் கிடையாது. மதர்போர்டு கீபோர்டுக்கு அடியில் இல்லை, திரைக்குப் பின்னால் இருக்கிறது. திரை 7.5 அங்குலம்தான், ஆனால் 1200-க்கு 900 புள்ளிகள். பின்விளக்கை அணைத்துவிட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தால் அச்சடித்த தாள் மாதிரி கறுப்பு வெள்ளையில் எழுத்து தெளிவாகத் தெரியும். இன்றைக்கும் என் கையில் இருக்கும் எந்த போனும் அந்த வெயிலில் இவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

பூட் ஃபர்ம்வேர் என்றால் பயாஸ்தானே?

வேலை அதுதான், ஆள் வேறு. சாதாரண மடிக்கணினியில் பயாஸ் திரையைத் திறந்தால் தயாரித்தவர் அனுமதித்த நான்கைந்து தேர்வுகள் இருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்ஓ-1-இல் இருப்பது ஓப்பன் ஃபர்ம்வேர். மிட்ச் பிராட்லி சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது உருவாக்கியதன் வழிவந்தது. 1994-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1275 என்ற தரமாகவும் ஆனது. பழைய பவர்பிசி மேக் கணினிகளிலும் இதன் வகைதான் இருந்தது. அதன் மூல நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தொகுக்கலாம் (கம்பைல் செய்யலாம்).

இதற்குள் ஃபோர்த் என்ற முழு நிரல்மொழியே உட்கார்ந்திருக்கிறது. மெஷினைப் போட்டவுடன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும்போது இடது மேல் மூலையில் உள்ள எஸ்கேப் பொத்தானை அழுத்தினால் ‘ஓகே’ என்று ஒரு சொல் வந்து நிற்கும். இயங்குதளம் எதுவும் ஏறியிருக்காது. நீங்களும் செயலியும் மட்டும்தான்.

படிப்பகத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் அந்த இடத்தில் 2 3 + . என்று அடிக்கச் சொன்னேன். 5 வந்தது. ஃபோர்த்தில் எண்கள் முதலில், கூட்டல் குறி பிறகு, கடைசிப் புள்ளி விடையைக் காட்டச் சொல்வது. அடுத்து அவளாகவே 8 8 + . என்று அடித்தாள். 10 வந்தது. “அண்ணா, கம்ப்யூட்டருக்குக் கணக்கு தெரியலை” என்றாள். ஓப்பன் ஃபர்ம்வேர் பதினாறடிமான முறையில் எண்ணுவது. அங்கே 10 என்றால் நம் பதினாறு. அன்று மாலை முழுக்கப் பத்து விரலுக்குப் பதில் பதினாறு விரல் இருந்தால் எப்படி எண்ணுவோம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். வேறு எந்த மெஷினிலும் ஒரு குழந்தையை இவ்வளவு சீக்கிரம் இந்த இடத்துக்குக் கூட்டி வர முடிந்ததில்லை. இந்தப் பதினாறடிமான விஷயத்தை மனதில் வையுங்கள், ஓவர்கிளாக் (செயலியைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பகுதியில் மறுபடி வரும்.

எஸ்கேப் அழுத்தினாலும் ‘ஓகே’ வரவில்லை. நேராக ஓஎஸ் ஏறிவிடுகிறது.

உங்கள் மெஷின் பூட்டப்பட்டிருக்கிறது. திருடு போனால் பயன்படக்கூடாது என்பதற்காகச் சில மெஷின்களைப் பாதுகாப்பு இயக்கத்தில் வைத்து அனுப்பினார்கள். திறக்க ‘டெவலப்பர் கீ’ என்ற சிறு கோப்பு வேண்டும். அது அந்த மெஷினின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டது. நண்பனுடைய கீ உங்களுக்கு உதவாது. எங்கள் நான்கில் ஒன்று இன்னும் பூட்டியே இருக்கிறது. அதைப் பிள்ளைகள் படம் வரையப் பயன்படுத்துகிறார்கள், நான் அதன் ஃபர்ம்வேரைத் தொடுவதில்லை.

ஒரு வேண்டுகோள். பள்ளியின் பெயரோ வேறொருவர் பெயரோ ஒட்டியிருக்கும் மெஷின் கையில் கிடைத்தால், பூட்டைத் திறக்கும் முன் அது யாருடையது என்று கேளுங்கள்.

ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது ஆபத்தா?

ஓஎல்பிசி வெளியிட்ட ஃபர்ம்வேர் என்றால் பயப்படத் தேவையில்லை. எக்ஸ்ஓ-1-க்கான கோப்புகளின் பெயர் ‘க்யூ2’ என்று தொடங்கும். ‘க்யூ3’ என்று தொடங்குவது எக்ஸ்ஓ-1.5-க்கு, அது வேறு செயலி, வேறு போர்டு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். கோப்பைப் பென்டிரைவில் வைத்து, ஓகே இடத்தில் ஃப்ளாஷ் கட்டளையைக் கொடுத்தால் அதுவே எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும்.

பேட்டரியும் இருக்க வேண்டும், அடாப்டரும் செருகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் எழுத மறுத்துவிடும். நம் பக்கம் மழை நாளில் கரண்ட் எப்படி வந்து வந்து போகும் என்று தெரியும்தானே? ஃப்ளாஷ் எழுதும் சில வினாடிகளில் மின்சாரம் நின்றால் மெஷின் எழுந்திருக்காது. அதற்காக யோசித்துப் போட்ட தடை அது. பேட்டரி செத்துவிட்டது என்பதற்காக அந்தத் தடையைச் சுற்றிப் போகும் வழியைத் தேடாதீர்கள். நல்ல பேட்டரி உள்ள இன்னொரு எக்ஸ்ஓ-விடம் இருந்து பத்து நிமிடம் கடன் வாங்குங்கள்.

எழுதும் முன் இப்போது உள்ளே இருப்பதைப் பென்டிரைவில் சேமியுங்கள். அதற்கும் கட்டளை உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிக் கோப்பு, மேலே வரிசை எண். ஏன் தனித்தனி என்றால், அந்த 1 எம்பி ஃப்ளாஷ் சில்லுக்குள் ஃபர்ம்வேர் மட்டும் இல்லை. அந்த மெஷினுடைய வரிசை எண், அடையாள எண், கீபோர்டு வகை எல்லாம் ஒரு மூலையில் இருக்கின்றன. பேட்டரியையும் பவர் பொத்தானையும் பார்த்துக்கொள்ளும் துணைச் செயலியின் நிரலும் அதே சில்லில்தான். ஃப்ளாஷ் கட்டளை அந்த அடையாள மூலையைத் தொடாமல் மற்றதை மட்டும் எழுதும். வெளியில் இருந்து ப்ரோகிராமர் (சில்லில் நேராக எழுதும் கருவி) வைத்து மொத்தமாக எழுதினால் அதுவும் அழிந்துவிடும்.

ஃபர்ம்வேரைத் தொடாமலே பூட் ஆவதை மாற்ற முடியுமா?

முடியும். முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மெஷின் எழுந்ததும் முதலில் பென்டிரைவ், பிறகு எஸ்டி கார்டு, கடைசியாக உள் நேண்ட் என்ற வரிசையில் ‘பூட்’ என்ற அடைவைத் தேடும். அதற்குள் ஓஎல்பிசி என்ற பெயரில், எஃப்டிஹெச் என்ற பின்னொட்டோடு ஒரு எழுத்துக் கோப்பு இருந்தால் அதைப் படித்து வரிவரியாக நடத்தும். அதுதான் பூட் ஸ்கிரிப்ட். எந்தக் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏற்றுவது, எந்த அளவுருக்களோடு ஏற்றுவது, திரையில் என்ன காட்டுவது என்று எல்லாம் அதில் எழுதலாம்.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் முதல் வரி. அது பின்சாய்கோட்டில் தொடங்க வேண்டும், அடுத்து ஓர் இடைவெளி கட்டாயம். ஃபோர்த்தில் அது குறிப்புரை. ஆனால் அந்த இரண்டு குறிகளைப் பார்த்துத்தான் இது ஃபோர்த் ஸ்கிரிப்ட் என்று ஃபர்ம்வேர் தெரிந்துகொள்கிறது. வரி காலியாக இருந்தால் கோப்பு முழுக்கச் சரியாக இருந்தும் வேலை செய்யாது. கொடுங்கையூரில் இருந்து வந்த ஒரு தம்பி இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டிருந்தான். கோப்பைத் திறந்து முதல் வரியில் அந்த இரண்டு குறிகளைச் சேர்த்துக் கொடுத்தேன், உடனே எழுந்தது.

எஸ்டி கார்டில் ஸ்கிரிப்ட் வைப்பதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. எது தப்பாகப் போனாலும் கார்டை உருவிவிட்டால் மெஷின் பழைய மாதிரி நேண்டில் இருந்து எழும்.

பூட் திரையில் தமிழில் ‘வணக்கம்’ வரவைக்கலாமா?

எழுத்தாக வராது, ஃபர்ம்வேரின் எழுத்துருவில் தமிழ் இல்லை. படமாகக் காட்டலாம். ஒரு புள்ளிக்கு 16 பிட், சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என்று பிரித்த எளிமையான பட வடிவத்தைத்தான் அது புரிந்துகொள்ளும். எங்கள் பிள்ளைகள் வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ‘வணக்கம்’ஐ ஸ்கேன் செய்து அப்படி மாற்றினோம். ‘ண’வின் சுழி ஒன்று குறைந்திருந்தது. திருத்தாமல் அப்படியே விட்டேன். அதை எழுதிய பையன் தானாகக் கண்டுபிடித்து மறுநாள் புதுத் தாளோடு வந்தான்.

சரி, ஓவர்கிளாக். உண்மையில் என்ன நடக்கிறது?

செயலி ஓர் அடிப்படைத் துடிப்பை எடுத்து அதைப் பெருக்கித் தன் வேகத்தை உண்டாக்குகிறது. அடிப்படை 33.33 மெகாஹெர்ட்ஸ். அதை 13-ஆல் பெருக்கினால் 433. நினைவகத்தோடு பேசும் உள் பாதைக்குத் தனிப் பெருக்கி, 10, அது 333. இரண்டும் ஒரே பதிவகத்தில் (செயலிக்குள் எண்களை வைக்கும் சிறு இடம்), அடுத்தடுத்த பிட்களில் இருக்கின்றன. ஆனால் ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றலாம். எக்ஸ்ஓ-1 இந்த விளையாட்டுக்கு இடம் கொடுப்பதற்குக் காரணமே இதுதான்.

அதே ஜியோடு குடும்பத்தில் எல்எக்ஸ்-800 என்ற செயலி 500 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி விற்கப்பட்டது. அதாவது 15 மடங்கு. நம் 700-ஐ அங்கே கொண்டுபோவது அண்ணன் சட்டையைத் தம்பி போடுவது போல. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் ஓடும்.

இங்கே இரண்டு குழிகள். பதிவகத்தில் பெருக்கியை நேராக எழுதுவதில்லை, ஒன்று குறைத்து எழுத வேண்டும். 13-க்கு 12, 15-க்கு 14. அடுத்தது, முன்பு சொன்ன பதினாறடிமானம். ஸ்கிரிப்டில் தசமம் என்று குறிப்பிடாமல் 14 என்று எழுதினால் மெஷின் அதை இருபது என்று படிக்கும். இருபதோடு ஒன்று சேர்ந்து 21 மடங்கு, 700 மெகாஹெர்ட்ஸ். மெஷின் அந்த நொடியே உறைந்துவிடும். நல்லவேளையாகப் பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றி மாட்டினால் வன்பொருள் தன் பிறந்த வேகத்துக்கே திரும்பிவிடும்.

ஸ்கிரிப்டில் செய்வதா, ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்ப்பதா?

ஸ்கிரிப்டில் செய்யுங்கள். என் தீர்மானமான கருத்து இது.

ஸ்கிரிப்ட் வழி இப்படி நடக்கும்: மெஷின் சாதாரண வேகத்தில் எழும், எஸ்டி கார்டில் உள்ள ஸ்கிரிப்டைப் படிக்கும். அந்த ஸ்கிரிப்ட் முதலில் பதிவகத்தைப் பார்க்கும். வேகம் ஏற்கெனவே மாறியிருந்தால் பேசாமல் லினக்ஸை ஏற்றும். மாறவில்லை என்றால் புதிய எண்ணை எழுதி, சில்லை மறுதொடக்கம் செய்யும். இரண்டாம் முறை எழும்போது ஃபர்ம்வேர் அந்தப் பதிவகத்தில் உள்ள கொடிகளைப் பார்த்து, ‘இதை யாரோ முன்பே அமைத்துவிட்டார்கள்’ என்று தெரிந்துகொண்டு கையை வைக்காது. அந்த முதல் சோதனை வரியை மறந்தால் மெஷின் எழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். கார்டை உருவுங்கள், நிற்கும்.

ஃபர்ம்வேருக்குள் சேர்க்க வேண்டுமானால் மூல நிரலை எடுத்து, லினக்ஸ் கணினியில் 32 பிட் கருவிகளை நிறுவி, தொடக்கக் குறியீட்டில் எண்ணை மாற்றித் தொகுக்க வேண்டும். தொகுப்பது கடினமில்லை. ஒருமுறையாவது தொகுத்துப் பாருங்கள், கணினி எழும் முதல் மில்லி வினாடிகளில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். ஆனால் அதை மெஷினில் எழுதுவது வேறு கதை, கீழே சொல்கிறேன்.

நினைவகத்தையும் ஏற்றினால் இன்னும் வேகமாகுமே?

ஆகும். நான் ஏற்றினேன். இப்போது வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

செயலி 500-இல் இரண்டு மெஷின்களிலும் நன்றாக ஓடியதைப் பார்த்து, உள் பாதையை 333-இல் இருந்து 400-க்குக் கொண்டுபோனேன். அதோடு நினைவகமும் தன் குறித்த வேகமான டிடிஆர்-333-ஐ விட்டு டிடிஆர்-400-இல் ஓட வேண்டும். ஸ்கிரிப்டில் ஒரு மெஷினில் சோதித்துவிட்டு, ஃபர்ம்வேருக்குள்ளேயே சேர்த்து இரண்டிலும் எழுதினேன். சோதித்த மெஷின் எழுந்தது. மற்றதில் பவர் விளக்கு எரிந்தது, திரை இருண்டே கிடந்தது. பேட்டரியைக் கழற்றினேன், மாட்டினேன். அதே விளக்கு, அதே இருட்டு. நினைவகம் அந்த வேகத்தில் விழிக்கவில்லை. நினைவகம் இல்லாமல் ஃபர்ம்வேர் நடக்காது. ஃபர்ம்வேர் இல்லாமல் பழைய ஃபர்ம்வேரை எழுதவும் முடியாது. ஒரே தொழிற்சாலை, ஒரே மாதிரி போர்டு என்றாலும் ஒரு சில்லு தாங்குவதை இன்னொன்று தாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒன்றில் சோதித்ததை இன்னொன்றில் எழுதியது என் தவறு. அன்று இரவு அந்த மெஷினில் ஆமை வரையும் நிரலைத் தொடர வேண்டிய பையன் வந்து நின்றான். அவனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த மெஷின் பிழைத்ததா?

பிழைத்தது, மூன்று வாரம் கழித்து. இதை விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

போர்டைத் திரைக்குப் பின்னால் இருந்து எடுத்து, எட்டுக் கால் ஃப்ளாஷ் சில்லைக் கண்டுபிடித்தேன். ரிச்சி தெருவில் சிஎச்341ஏ என்ற ப்ரோகிராமர் மலிவாகக் கிடைக்கும், கூடவே சில்லைக் கவ்வும் கிளிப்பும். வாங்கியவுடன் மாட்டிவிடாதீர்கள். அந்தக் கறுப்புப் போர்டுகளில் பல, சில்லுக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் விடும். இந்தச் சில்லு 3.3 வோல்ட்டுக்கானது. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு காலிலும் அளந்து பாருங்கள்.

கிளிப்பைக் கவ்வி மூன்று முறை படித்தேன். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. காரணம், அந்தச் சில்லு துணைச் செயலியோடு ஒரே தடத்தில் இருக்கிறது. கிளிப் வழியாக மின்சாரம் போனதும் துணைச் செயலியும் பாதி விழித்து நடுவில் பேசுகிறது. கடைசியில் பெரம்பூரில் செல்போன் ரிப்பேர் செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். ஹாட் ஏர் வைத்து இரண்டு நிமிடத்தில் சில்லைத் தனியே எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “புள்ளைங்க படிக்கிறதுக்குத்தானே” என்றார். தனியே வைத்துப் படித்தபோது இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தது. இரண்டு வாசிப்பு பைட் பிசகாமல் ஒத்துப்போகும் வரை எழுதக்கூடாது, இதை மட்டும் மீறாதீர்கள். பிறகு அந்த மெஷினுக்கென்று முன்பே சேமித்து வைத்திருந்த கோப்பை எழுதினேன். அதன் வரிசை எண்ணோடு, அதன் அடையாளத்தோடு எழுந்தது. அந்தக் கோப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு மெஷினின் பெயரில்தான் அது வாழ்ந்திருக்க வேண்டும்.

நம் வெயிலில் ஓவர்கிளாக் தாங்குமா?

செயலியை மட்டும் 500-க்கு ஏற்றியிருந்தால் தாங்குகிறது. எல்எக்ஸ்-700 சராசரியாக 0.8 வாட், எல்எக்ஸ்-800 0.9 வாட் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. இவ்வளவு சிறிய வெப்பத்தைத்தான் மின்விசிறி இல்லாமல் ஓர் அலுமினியத் தகடு சமாளிக்கிறது. ஆனாலும் சோதனையை மார்கழி இரவில் செய்துவிட்டு நன்றாக ஓடுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மதியம் இரண்டு மணிக்கு ஓடினால்தான் நம்புவேன். திரையின் பின்பக்கத்தைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சூடு போகும் வழி அதுதான்.

நினைவகச் சோதனை ஃபர்ம்வேருக்குள்ளேயே இருக்கிறது. இரவு ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். அப்புறம் லினக்ஸில் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கி, விரித்து, சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுங்கள். நூறு முறை சரியாக வந்து நூற்றியோராவது முறை பிசகினால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உறைந்து நிற்கும் மெஷினைவிட, தப்பான விடையை அமைதியாகத் தரும் மெஷின் மோசமானது. ஒரு குழந்தையின் நோட்டு அதற்குள் இருக்கிறது.

500 ஆக்கிவிட்டேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லையே?

தெரியாது. 433-இல் இருந்து 500 என்பது 15 சதவீதம்தான். ஒரு நிமிடம் எடுத்த வேலை, கணக்குப்படியே முழுக்கச் செயலியைச் சார்ந்ததாக இருந்தால்கூட, 52 வினாடியில் முடியும். இந்த மெஷினில் பெரும்பாலான காத்திருப்பு செயலிக்காக இல்லை, நினைவகப் பற்றாக்குறைக்காக. 256 எம்பி நிரம்பியதும் எல்லாம் தவழ ஆரம்பிக்கிறது. இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே அது நிரம்பிவிடும்.

நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் சீரேம் வசதியை இயக்குங்கள். நல்ல எஸ்டி கார்டில் இயங்குதளத்தை நிறுவுங்கள், அதில் கொஞ்சம் ஸ்வாப் இடம் (நினைவகம் நிரம்பினால் மிச்சத்தை வைக்கும் இடம்) ஒதுக்குங்கள். எடை குறைந்த மேசைச் சூழலைப் போடுங்கள். இவை மூன்றையும் செய்த மெஷினையும், ஓவர்கிளாக் மட்டும் செய்த மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். எல்லோரும் முதல் மெஷினுக்குத்தான் வரிசையில் நின்றார்கள்.

அப்படியானால் ஓவர்கிளாக் எதற்கு?

ஒரு எண்ணை நீங்கள் மாற்றினால் செயலியின் துடிப்பே மாறுகிறது, அதை லினக்ஸில் செயலித் தகவலைப் பார்த்து 433 இருந்த இடத்தில் 500 என்று கண்ணால் காண முடிகிறது. ஐடிஐ படிக்கும் ஒரு தம்பி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பிஎல்எல் (துடிப்பைப் பெருக்கும் சுற்று) என்றால் என்ன என்று தானாகவே தேடிப் படித்தான். நான் பாடம் எடுத்து இதைச் சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியிலும் இதைச் செய்யலாமா?

இங்கே அதிகம் பேர் கேட்பது இதைத்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மெஷின்கள் நம் தெருவில் வீட்டுக்கு ஒன்று பரணில் கிடக்கின்றன. அவை சாதாரண வணிக மடிக்கணினிகள். அவற்றின் பயாஸ் மூடியது, மூல நிரல் கிடையாது. செயலிகளின் பெருக்கியும் பூட்டப்பட்டிருக்கும். இணையத்தில் கிடைத்த வேறு மாடலின் பயாஸை எழுதி மெஷினைச் சாகடித்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. வேண்டாம்.

அவற்றுக்கு வேறு மருந்து. பின் மூடியைத் திறந்து மின்விசிறித் தூசியைத் தட்டுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். சூடானால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்தச் சுத்தமே இழந்த வேகத்தைத் திருப்பித் தரும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேம் இன்னொன்று சேர்த்தால் கல்லூரி முடியும் வரை தாராளமாக ஓடும்.

மெஷின் தேதி பழையதாகவே காட்டுகிறது.

போர்டில் உள்ள காயின் செல் தீர்ந்திருக்கும், அல்லது பிடிமானம் தளர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் இணையப் பக்கங்கள் சான்றிதழ் பிழை காட்டும். பூட்டிய மெஷினாக இருந்தால் எழவே மறுக்கலாம். பழைய செல்லைக் கையில் எடுத்துப்போய் அதே எண் போட்டதை வாங்குங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடற்கரையை ஒட்டி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். உப்புக் காற்றில் செல்லின் பிடிமானத்திலும் பேட்டரி முனைகளிலும் பச்சை பூக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே பாதி ‘செத்த’ மெஷின்கள் எழுந்துவிடும். ஃபர்ம்வேரைக் குற்றம் சொல்லும் முன் இதைச் செய்யுங்கள்.

தமிழில் தட்டச்சு?

லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு உதவி நிரல்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும். ரப்பர் பொத்தான்கள் சின்னவை, குழந்தை விரலுக்கு அளவெடுத்தவை. பெரியவர்கள் யுஎஸ்பி கீபோர்டு மாட்டிக்கொள்ளலாம்.

என்னிடம் ஒரு எக்ஸ்ஓ சும்மா கிடக்கிறது. கொண்டு வரலாமா?

வாருங்கள், இரவு ஏழு மணிக்கு மேல். மழை நாளென்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், சுற்றி வாருங்கள். அடாப்டரையும் பேட்டரியையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். பேட்டரி செத்ததாக இருந்தாலும் சரி, கழற்றிப் போட்டுவிடாதீர்கள். கூடவே ஒரு காலிப் பென்டிரைவ். முதல் வேலையாக உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை அதில் சேமித்து, மெஷினின் வரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி அதோடு கட்டிக் கொடுப்பேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.